தேங்காய் உடைத்த கை

"தேங்காய் உடைக்கையில அரிவாள் பட்டுருச்சு சார்."

பொன்னுராஜ் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். சீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுடைய வலது கை, துணிச் சுற்றுக்குள் சுரைக்காய் போல வீங்கிக் கிடந்தது.

பக்கத்தில் நின்ற சத்தியநேசனுக்குத் தலை சுற்றியது. அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர். எந்த மில்லில் எத்தனை பேருக்கு அடிபடுகிறது, வைத்தியத்துக்கு என்ன செலவாகிறது என்று ஜில்லா முழுக்க விசாரித்து வருகிறவர். வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டு, மில்லில் விழுந்தேன் என்று சாதிக்கிற ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று. ராஜபாளையத்தில் பருத்திக்கொட்டை பிரிக்கிற இந்த ஒரு ஜின்னிங் மில்லில் மட்டும் எல்லாம் தலைகீழ். மில்லுக்குள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லையாம். அந்த மில் ஆட்களுக்கு வீட்டில் தேங்காய் உடைக்கும்போதுதான் கை போகிறதாம்!

"தேங்காய் உடைச்சா கை நசுங்குமாய்யா? ரோலர்ல மாட்டின கைன்னு டாக்டரே சொல்றார். 'மில்லுல பட்டது'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணலாம். செலவு பூரா கம்பெனி ஏத்துக்கும். இல்லேன்னா மணிக்கட்டோட எடுக்கணுமாம்."

"எடுக்கட்டும் சார்."

அவன் மனைவி கிருபாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதலாளி மிரட்டினாரா?"

"சேச்சே, அவிய நல்லவிய. அவியகிட்டயும் தேங்காய்னுதான் சொல்லியிருக்கேன்."

பைத்தியமா இவன்? சத்தியநேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சலோடு கேட்டார். "மாட்டினதும் ஒரு கத்துக் கத்தியிருந்தா எஞ்சினை நிறுத்தியிருப்பாங்களே?"

"கத்தாமலா ஐயா?" கிருபாபாய் வெடித்துவிட்டாள். "கஞ்சி கொண்டு போன எனக்கு மில் வாசல்லயே கேட்டுச்சு!"

"ஏட்டி, சும்மா கெட!"

இப்போதுதான் சத்தியநேசனுக்கு ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. யாராவது கத்தினால் உடனே நிறுத்த வேண்டியவன் எஞ்சின் டிரைவர். அவன் எங்கே போனான்? தூங்கினானா? கள்ளுக்கடைக்குப் போனானா? அந்தத் தடியனை லேசில் விடக்கூடாது என்று வண்டி பிடித்து ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார்.

சாப்பாட்டு நேரம். மில் அடங்கிக் கிடந்தது. எஞ்சின் கொட்டகையில் டிரைவர் தவசிமுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா!"

பதில் இல்லை.

"உம்மைத்தான்யா!"

ஊஹூம். என்ன திமிர் இந்த மனுஷனுக்கு!

மிஸ்திரி குருசாமி ஓடிவந்து சத்தியநேசன் கையைப் பிடித்தார். "சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்ல சார். இந்த எஞ்சின் இரைச்சலே அவரு காதைத் தின்னுருச்சு. அன்னைக்கும் நான்தான் ஓடிப்போயி பெல்ட்டைத் தட்டிவிட்டு ரோலரை நிறுத்தினேன்."

"காது கேட்காதவரை வச்சா எஞ்சின் ஓட்டுறீங்க? முதலாளிகிட்ட சொல்ல வேண்டாமா?"

"சொன்னா வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்பிருவாவ. மூணும் பொம்பளப் பிள்ளை. வேலை பாத்துக் காது போச்சுன்னா ஒங்க சட்டத்துல நஷ்டஈடு உண்டா சார்?"

சத்தியநேசன் சட்டத்தை நினைத்துப் பார்த்தார். ஒரே விபத்தில் போன காதுக்கு உண்டு. கொஞ்சங்கொஞ்சமாகப் போன காதுக்குக் கிடையாது. இத்தனை மில்லில் விசாரித்தும், காது நன்றாகக் கேட்கிறதா என்று அவர் ஒருவரிடமும் கேட்டதே இல்லை.

"கிடையாது" என்றார், தணிந்த குரலில்.

"பொறவு நாங்க என்ன செய்ய? அடிபட்டதுக்கு வீட்டு மேல பழியைப் போட்டுட்டுப் போயிருதோம். தன்னாலதான் பொன்னுராஜ் கை போச்சுன்னு தெரிஞ்சா மனுசன் தாங்க மாட்டாரு. பாத்துப் பேசுங்க சார்."

யார் மேல் கோபப்படுவதென்றே சத்தியநேசனுக்குத் தெரியவில்லை. உள்ளதை எழுதினால் பொன்னுராஜின் கை பிழைக்கும், டிரைவரின் பிழைப்பு போய்விடும். எழுதாவிட்டால் இந்தக் கையோடு நிற்குமா? நாளைக்கு எவன் கையோ? குழப்பத்தோடு போய்த் தவசிமுத்துவின் தோளைத் தொட்டார்.

திரும்பியவர், சத்தியநேசனின் கோட்டு, தொப்பியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"கம்பெனிக்காரவியளா? வாங்க, வாங்க. எங்க மில்லைப் பத்தி நல்லா எழுதுங்க சார்! எம்புட்டோ வருசமா இந்த எஞ்சின் முன்னால உக்காந்திருக்கேன். ஒரு நாள், ஒரு பய 'ஐயோ'ன்னு கத்தி நான் கேட்டதில்ல!"