மதிய நேரத்துத் துடிப்பு

“பெல்ட்டை வேற யாருக்காவது குடுத்தீங்களா மேடம்?”

ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் இப்படிக் கேட்டபோது, அவள் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தாங்கியபடி கடையின் பின்பக்கம் போனாள்.

“இல்லையே. காலைல கட்டிப் பார்த்துட்டு அலமாரியில வெச்சிட்டுத்தான் வந்தேன்.”

ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது என்று டாக்டர் கொடுத்தனுப்பிய பெல்ட் அது. ஊசியில்லை, வலியில்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தால் போதும், உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை எடுத்துத் தானாகவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

“நேத்து மதியம் ஒரு பதிவு வந்திருக்கு. போன வாரமும் வந்துது. அதான் கேட்டேன்.”

“மதியம் நான் கடையில இருப்பேனே. மிஷின் கோளாறா இருக்கும்.”

“நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஆனா குழந்தையோட துடிப்போட அம்மாவோட துடிப்பும் சேர்ந்துதான் வரும். உங்க துடிப்போட அலை எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். மதியம் வர்றது உங்களோடது இல்ல.” நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். “குழந்தையும் உங்க குழந்தை இல்ல மேடம். இன்னும் சின்னது. அஞ்சு மாசம் இருக்கலாம்.”

அவள் திரும்பி வந்து லென்ஸை மாட்டினாள். “எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதும்மா” என்றார் பெரியவர்.

மதியத்தில் கீழ்வீட்டில் இருப்பது அவள் கணவன் ஒருவன்தான். கம்ப்யூட்டர் வேலை, முன்னறையில் உட்கார்ந்தே பார்ப்பான். மாமனாரும் மாமியாரும் மாடியில்; படி வீட்டின் பின்பக்கம். மாமனார் பஸ் ஓட்டுகிறவர், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள். பெல்ட் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் கொக்கி கடைசித் துளையில் மாட்டியிருந்தது. இந்த எட்டாம் மாதத்தில் அவள் மூச்சைப் பிடித்து இழுத்தாலும் அந்தத் துளைக்கு எட்டாது.

“மதியம் யாராவது வந்தாங்களா?”

“யார் வரப்போறாங்க?” என்றபடி அவன் லேப்டாப்பை மூடினான். “சாயங்காலம் வரைக்கும் காதுல மாட்டிக்கிட்டு மீட்டிங்தான். ஏன் கேக்கற?”

“சும்மாத்தான்.”

அவன் மூடிய வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையென்று அவன் வெளியூர் போய் வந்தது வேறு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

மனசு கேட்கவில்லை. மாடிக்குப் போனாள். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலேயே கல்யாணமாகி, உடனே பிள்ளை பெற்றவர். இருவரும் சேர்ந்து கடைக்குப் போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள்.

“அத்தை, நான் இல்லாத நேரத்துல ஒருத்தி வீட்டுக்கு வந்து போறா.”

“என்னம்மா பேசற? வந்தா என் கண்ணுல படாம போயிடுவாளா? ஈ காக்காகூட வரல.”

“வர்றா அத்தை. அதுமட்டுமில்ல, அவ முழுகாம இருக்கா.”

மாமியார் கையிலிருந்த துண்டு மடியில் விழுந்தது. “யாரு... யாரு சொன்னா உனக்கு?”

“தெரிய வேண்டிய விதத்துல தெரிஞ்சுது.”

“அவன்கிட்ட கேட்டுட்டியா?”

“இன்னும் இல்ல.”

“கேக்காதம்மா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவன்கிட்ட மட்டும் இதைப் பத்திப் பேசிடாத.” மாமியாரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாமியாருக்கு விஷயம் தெரியும். பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறார். இத்தனை நாள் பெற்ற தாய் மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டவர், தன் பிள்ளை என்று வந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் வழக்கம்போல் கடைக்குக் கிளம்பி, மதியம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தாள்.

முன்னறையில் இருந்தவன் அவளைப் பார்த்ததும் காதிலிருந்ததைப் பிடுங்கினான். “என்ன இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

அவள் நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“உள்ள யாரு?”

“யாரும் இல்லையே.” அவனும் வந்து தள்ளிப் பார்த்தான். “அட, எப்படிப் பூட்டிக்கிச்சு?”

“நல்லா நடிக்கறீங்க.” அவள் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைத் தட்டினாள். “உள்ள இருக்கறது யாரா இருந்தாலும் வெளிய வா. உன்கூடச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. உன் வயித்துல இருக்கறது யார் குழந்தைன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுப் போயிடு, அது போதும்.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

பாதி அவிழ்த்த பெல்ட்டோடு மாமியார் நின்றிருந்தார்.

“இந்த வயசுல ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்க வெட்கமா இருந்துதும்மா. குழந்தை உசிரோட இருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்னுதான்...” என்றவர், மகன் பக்கம் திரும்பாமல், மருமகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

“உங்க மாமாவோடதுதாம்மா.”