ரெக்கார்டிங் ஓடுது சார்

மதிய இடைவேளையில் காலி வகுப்பறை. அடுக்கிய பெஞ்சுகளின் உச்சியில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கணக்கு டீச்சர் கரும்பலகையில் பின்னங்களைக் கூட்டிக் காட்டுகிறார். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. பள்ளித் தாளாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். "நம்ம பாடத்தை நெட்ல ஊருக்கெல்லாம் சும்மா அள்ளி விடுறீங்களாமே? இன்னைக்கே எல்லா வீடியோவையும் அழிச்சிடணும்." டீச்சர் போனை அணைக்கவில்லை. "ரெக்கார்டிங் ஓடுது சார். ஃபீஸ் கட்டாத பிள்ளைங்க இதைப் பார்க்கக் கூடாதுன்னா, இதோ, கேமராவைப் பார்த்து அவங்ககிட்டயே சொல்லிடுங்க." தாளாளர் போனைப் பார்க்கிறார், காலரைச் சரிசெய்துகொண்டு வெளியேறுகிறார். அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைகிறது. டீச்சர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு பலகைப் பக்கம் திரும்புகிறார். "இதை வெட்டாம அப்படியேதான் போடப்போறேன், பிள்ளைங்களா. இப்ப கணக்கைப் பாருங்க."