நான்காவது குடுவை

"அந்த நரிக்கு முட்டை வைக்காதே, ஜுரேமா. அது மேல இருக்குற உண்ணி நாளைக்கு நம்ம மோராவைக் கடிக்கும்."

"நரியாவது நேரத்துக்குச் சாப்பிட வருது. நீங்க?"

எட்டு மாதத்துக்கு முன் அப்படித்தான் பேச்சு முற்றி, ஜுரேமாவின் கணவன் வால்டிர் தன் அண்ணன் பண்ணைக்குப் போய்விட்டான். இப்போது தென் பிரேசிலின் இந்தச் சின்னக் கால்நடை மருத்துவமனையில், ஜன்னல் வெயில் நாய் மோராவின் காதுமடலில் விழுகிறது. உண்ணி கொண்டுவந்த கிருமி உள்ளே ரத்தத்தைத் தின்ன, மடலின் ஓரத்தில் சிவப்புத் துளிகள் அரும்பி அரும்பி உறைகின்றன. மேலே தொங்கும் பையிலிருந்து வேறொரு நாயின் ரத்தம் சொட்டுச் சொட்டாக அதற்குள் இறங்குகிறது. அதைக் கொடுத்த அண்ணன் வீட்டுப் பெரிய நாய், வால்டிரின் செருப்பின்மேல் தாடையை வைத்துத் தூங்குகிறது. செய்தி கேட்டதும் அவன்தான் அதை வண்டியில் ஏற்றிவந்தான். ஜுரேமா சுரைக்குடுவையில் மாத்தே என்ற தேநீர் இலைமேல் வெந்நீர் ஊற்றி நீட்டுகிறாள். குடித்துவிட்டு 'நன்றி' என்று சொல்லித் திருப்பித் தந்தால், போதும், கிளம்புகிறேன் என்று இந்த ஊரில் பொருள். நான்காவது முறையும் வால்டிர் அந்த 'நன்றி'யைச் சொல்லாமலே காலிக் குடுவையை நீட்டுகிறான்.

"நாலு குடுவை ஆச்சு. வயிறா, குளமா?"

"தண்ணி சூடு ஆறலையே."

மோராவின் வால் விரிப்பில் ஒருமுறை மெல்லத் தட்டுகிறது. ஜுரேமா குடுவையை மறுபடி நிரப்பி அவனிடம் நீட்டுகிறாள்.

"வீட்டுக்கு வந்துடுங்க. நரிக்கு இனிமே முட்டை வைக்க மாட்டேன்."