காலடியில் வண்டல்

"கல்லு," என்றாள் முன்னால் போன பட்டம்மா.

"கல்லு," என்றாள் பின்னால் வந்த தவமணி.

ஓரகத்திகள் இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஆனாலும் ஆற்றில் இறங்கிவிட்டால், முன்னால் போகிறவள் காலில் படுவதைச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவள் திருப்பிச் சொல்ல வேண்டும். தவமணியின் தோளில் அவள் பிள்ளை காய்ச்சலில் துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரி அக்கரையில். இரண்டு பேர் இடுப்பையும் ஒரு பழம்புடவை பிணைத்திருந்தது.

"பருமணல்."

"பருமணல்."

நடு ஆற்றில் பட்டம்மா நின்றுவிட்டாள்.

"என்னக்கா, வாயடைச்சுப் போச்சா? சண்டைன்னா மட்டும் எட்டூருக்குக் கேக்குமே!"

"வண்டல்டி," என்றாள் பட்டம்மா மெதுவாக. "வெண்ணெயாட்டம் வழுக்குது."

தவமணிக்குப் புரிந்துவிட்டது. ஓடுகிற தண்ணீர் வண்டலை நிற்க விடாது, அள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஓடாமல் தேங்கும் இடத்தில்தான் அது படியும். நடு ஆற்றில் தண்ணீர் தேங்குகிறதென்றால் அது லாரிக்காரர்கள் மணல் தோண்டிய பள்ளம்.

"பின்னால வாக்கா!"

"காலைப் பிடுங்க முடியல."

பட்டம்மாவின் கழுத்துவரை தண்ணீர் ஏறியது. இருவரையும் பிணைத்த புடவை இழுபட்டு விறைத்தது. அவள் கை இடுப்பு முடிச்சைத் தேடுவது புடவை வழியாகவே தவமணிக்குத் தெரிந்தது.

"என்னை விட்டுட்டுப் பிள்ளையைக் கரை சேர்த்துடு."

"அவுத்தே, கொன்னுடுவேன்!"

தவமணி ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி குதிகாலை அழுத்தி ஊன்றினாள். காலுக்கடியில் பருமணல் பள்ளத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியத் தொடங்கியது. அவள் புடவையை மறுகையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.