பீற்றரின் பெட்டி

நாலாவது முறையும் பீற்றரின் பெட்டிதான் அகப்பட்டது.

ஹென்டர்சன் என்ற வெளிநாட்டு ஊரில் அது ஒரு சின்ன அப்பிள் தோட்டம். காலமை ஏழு மணிக்கு, தோட்டக்காரக் கிழவர் மார்க்கோ பெட்டியிலிருந்து மஞ்சள் அப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் மண்ணிறத்தில் ஒரு நசிவு. ஆரோ பெருவிரலால் அமத்தின தடம். பிடுங்கும்போது தெரியாது. இரவு கிடந்து விடியத்தான் கறுக்கும்.

பெட்டியின் பலகை இடுக்கில் குத்தியிருந்த கடதாசித் துண்டில் பீற்றரின் பெயர். பக்கத்துப் பெட்டியில் குலசிங்கத்தின் பெயர். அதில் மருந்துக்கும் ஒரு நசிவில்லை.

குலசிங்கத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? பின்பக்க மரங்களில் பிடுங்குகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

"ரண்டு தமிழனும் ஒரே மாதிரித்தான் எண்டு கிழவர் நினைச்சாரோ, என்ரை கடிதம் துலைஞ்சுது" என்று பல்லை நறும்பினார்.

அந்தக் கடிதம்தான் அவருக்கு உயிர். 'இவர் என்னிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார்' என்று மார்க்கோ எழுதித் தந்தால்தான் மனுசி கௌரிக்கும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளுக்கும் விசா. எண்பத்து மூன்றில் அவர்களைக் கொடிகாமத்தில் விட்டுவிட்டு வந்தவர். இப்போது எண்பத்தாறு. ஊரில் குண்டு விழாத கிழமையில்லை. கிழவரோ, சீசன் முடியட்டும், வேலையைப் பார்த்துத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார்.

பீற்றருக்கு அந்தக் கவலை கிடையாது. மன்னார்க் கடலில் தொழில் செய்தவன். மனுசியும் பிள்ளையும் இந்தியாவுக்குத் தப்பியோடின வள்ளம் கரை சேரவில்லை. கூப்பிட ஆளில்லை. பாவம்தான். அதுக்காக இப்படியோ?

போதாக்குறைக்கு ஐயாவுக்கு ஸ்டைல் வேறு! தோட்டத்தில் கொடுத்த தோல் கையுறையைப் பாண் தின்னும்போதுகூடக் கழற்ற மாட்டான்.

முதல் கிழமையே குலசிங்கத்துக்குப் பாடம் எடுக்க வந்தவன் அவன்.

"அண்ணை, பழத்திலை கை வைக்கேக்கை கொஞ்சம்..."

"பொத்தடா வாயை! கொடிகாமச் சந்தையிலை பதினைஞ்சு வருசம் மாம்பழம் வித்தவன் நான். மீன் பிடிச்ச நீ எனக்குப் பழம் படிப்பிக்கிறியோ?"

அதற்குப் பிறகு பழத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, உதவிக்குக் குறைச்சலில்லை. பின்னேரம் வேலை முடிந்தால், "நீங்கள் போய்த் தேத்தண்ணி வையுங்கோ அண்ணை, பேர்த் துண்டுகளை நான் பெட்டியளிலை குத்திவிடுறன்" என்பான். குலசிங்கமும் நாரி நோகுதென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

மார்க்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கிழவர் இளகின மனுசன்.

"நல்ல பெடியன். மனுசி பிள்ளையை இழந்தவன். இன்னொரு முறை பார்ப்பமா? நீ என்ன சொல்கிறாய், குலா?"

குலசிங்கம் பீற்றரைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொல் மறுத்துச் சொன்னானா? இல்லை. குற்றம் செய்யாதவன் இப்படியோ நிற்பான்?

"இவ்வளவு நாளும் சொல்லியும் திருந்தாதவன் இனித் திருந்தமாட்டான். அனுப்பிவிடுங்கோ."

கிழவர் தொப்பியைத் திரும்பப் போட்டார். பிறகு பீற்றரின் தோளில் ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான். வேலை போய்விட்டது.

"உன்னைப் போலச் சுத்தமாக இந்த வருசம் ஒருத்தரும் பிடுங்கவில்லை, குலா" என்றார் போகும்போது. "சீசன் முடியும்வரை காக்க வேண்டாம். சனிக்கிழமை கடிதம் தருகிறேன்."

குலசிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். அந்தச் சந்தோசத்தில், பெட்டியிலிருந்து ஒரு அப்பிளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பீற்றருக்குப் புத்தி சொல்லவும் வந்துவிட்டது.

"குறை நினையாதை தம்பி. கையுறையோடை பிடுங்கினா பழம் நசியாமல் என்ன செய்யும்? அடுத்த இடத்திலையாவது அதைக் கழட்டிப்போட்டு வேலை செய்."

"ஓம் அண்ணை. இது தோட்டத்துச் சாமான். கிழவரிட்டைக் குடுத்துவிடுங்கோ."

பீற்றர் கையுறை இரண்டையும் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். அவற்றின் பெருவிரல்களுக்குள் அடைத்திருந்த பஞ்சு கீழே விழுந்தது.

அவனுக்கு இரண்டு கையிலும் பெருவிரல் இல்லை.

"எப்பிடியடா?" என்றார் குலசிங்கம்.

"ஆமி பிடிச்சு வைச்ச காம்பிலை வெட்டினவங்கள்."

அப்போ அந்தத் தடம்? நாலு பெட்டியிலும் பெருவிரலால் அமத்தினது ஆர்?

பீற்றர் குலசிங்கத்தின் கையைப் பார்த்தான். அவரும் குனிந்து பார்த்தார். மாம்பழம் கனிந்துவிட்டதா என்று சந்தையில் அமத்திப் பார்க்கிற அதே அமத்தல். அப்பிளின் மேல் அவருடைய பெருவிரல் ஊன்றிக் கிடந்தது.

பீற்றர் சைக்கிளை எடுத்தான்.

"சனிக்கிழமை வரைக்குமாவது அமத்தாமல் பிடுங்குங்கோ அண்ணை. இனித் துண்டை மாத்திக் குத்த நான் இல்லை."