மலை தெரிந்தவர்

"ஜல்தி வாய்யா அழகர்சாமி, இந்த மழை இப்ப விடாது!" என்றார் முன்னால் போன ரத்தினவேல்.

முதுகில் மூட்டை, காலில் சொதசொதவென்று ஈர சாக்ஸ். டெல்லிக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்திலேயே முசூரிக்கு மேலே மலையேறச் சொல்லி யார் அழுதார்கள் என்று அழகர்சாமி தன்னையே நொந்துகொண்டார். ஆனால் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மலை என்றாலே எல்லோரும் கைகாட்டுவது ஆபீஸில் அவருக்குப் பக்கத்து சீட் ரத்தினவேலைத்தான். எந்த பஸ், எங்கே தங்கலாம், எத்தனை ஸ்வெட்டர், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அடுத்த வளைவுல ஒரு டீக்கடை வரும் பாரு."

வந்தது. அழகர்சாமி அசந்துபோனார்.

இஞ்சி டீயை வாயில் வைக்கும்போது, தகரக் கூரையில் தடதடத்த சத்தம் சட்டென்று அடங்கியது.

"விட்டுடுச்சுய்யா!" என்று அழகர்சாமி வெளியே ஓடினார். விடவில்லை. வானமே வெள்ளை வெள்ளையாக, சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. கோட்டின் மேல் விழுந்ததைத் தட்டிவிட மனசு வரவில்லை.

"ரத்தினவேல்! பனியா இது?"

திரும்பிப் பார்த்தார். ரத்தினவேல் குரங்குக் குல்லாயைக் கழற்றிவிட்டு, வழுக்கையில் பனி விழ, வாயைப் பிளந்து நின்றார்.

"என்னய்யா, நீ பார்க்காத பனியா?"

"ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்களை பஸ் ஏத்தி விடறதுலயே என் லீவு பூரா போயிடும். திரும்பி வந்து ஆளாளுக்குக் கதை சொல்லுவாங்க. நான் மலைக்கு பஸ் ஏறினது இதான்யா முதல் தடவை."

உள்ளங்கையில் விழுந்த பனி கரைவதையே பார்த்தார்.

"ஆனா இதை மட்டும் ஒருத்தர்கூட சரியாச் சொல்லலையேய்யா!"