ஒன்பதாம் சதுரம்

ஒன்பது நாடுகளில் ஒன்பது பள்ளிகள். மாதம் ஒருமுறை ஒன்பது முதல்வர்களும் திரையில் கூடி, கை தூக்கித்தான் எதையும் முடிவு செய்வார்கள். ஒன்பதாவது பள்ளி இருந்த நாட்டில் போர் தொடங்கிய பிறகு, திரையின் ஒன்பதாம் சதுரத்தில் ஒரு வகுப்பறையும் காலி நாற்காலியும் மட்டுமே தெரிந்தன. பின்னால் கரும்பலகை. கூட்ட நேரம் வந்தால் அந்தக் கேமரா தானாகவே விழித்துக்கொள்ளும்.

“அங்க யாரும் இல்லைங்க மேடம். எல்லாரும் ஊரைவிட்டே போயாச்சு. அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிடலாம்,” என்றார் செயலாளர் இருதயராஜ்.

தலைவர் மங்கையர்க்கரசி, சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். எட்டுக் கைகளும் எழுந்தன. எண்ணிக்கொண்டே வந்தவர் ஒன்பதாம் சதுரத்தில் நின்றுவிட்டார்.

“ராஜ், அந்த போர்டுல என்ன தேதி போட்டிருக்கு?”

இருதயராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை நெருங்கினார்.

“இன்னைக்குத் தேதிங்க மேடம்.”

அதன் கீழே, சாக்பீஸால் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தது: பதிவு 43. வருகை 43.

தூக்கிய கைகள் மெல்ல இறங்கின. வகுப்புக்குள் ஆசிரியர் நுழையும்போது எழுவதுபோல மங்கையர்க்கரசி எழுந்து நின்றார். பிறகு சதுரம் சதுரமாக எல்லோரும் எழுந்தார்கள். உட்காரச் சொல்லும் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.